வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு கவ்வாலி

சங்கமித்ரா கடையை மூடுவதென்றே முடிவு கட்டிவிட்டாள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக வந்த இசை ஆல்பம் எதையாவது கேட்டுவிட்டு, மனதில் பட்டதை வியாசர்பாடி வீட்டு மொட்டைமாடியில் நின்று போனில் பேசி யூடியூபில் போடுவாள், அவ்வளவுதான்.

ஜாஸ் ஆல்பத்துக்கு, "மூணு பேரும் சண்ட போட்டுகினே ஒரே தட்டுல துன்றானுங்க, மாமு" என்றாள். காது கிழிகிற மெட்டலுக்கு, "கூட்ஸ் வண்டி போவசொல்லோ ரயில்வே கேட்டாண்ட நின்னுகீறியா? மொதல்ல பயம், அப்பால சொகம்." தர்காக்களில் ஒருவர் முன்னால் பாட, பின்னால் குழு சேர்ந்து பாடும் கவ்வாலிக்குச் சொன்னதுதான் அவளுக்கே பிடித்தது: "மூச்சு முட்டுனா தூக்கிவுட பின்னால ஆளு கீதுன்ற தைரியத்துல பாடறாரு."

யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதினான்: "இந்தக் கலீஜ் பேச்சுக்கு இசை ஒரு கேடா?" அதற்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள். அட, சிரித்துத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். அவளோ சுத்தத் தமிழில் எழுதிவைத்துப் படிக்க ஆரம்பித்தாள். "இவ்விசைத் தொகுப்பு செவிக்கு இனிமை பயக்கிறது." தூ! சொல்லும்போதே வாயில் சுண்ணாம்பு தின்றதுபோல் இருந்தது. இதற்குப் பேசாமலே இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. இன்று சாயங்காலம் கடைசி வணக்கம் சொல்லிவிட மாடியேறினாள்.

அப்பா ஜெயவேலிடமிருந்து போன். டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் துறைமுக வாசலில், கண்டெய்னர் வண்டிகளின் வரிசையில் காலையிலிருந்து நிற்கிறார்.

"இன்னாம்மே ஆச்சு ஒனக்கு? யாரோ டீச்சரம்மா பேசிகினு கீது?"

"நீ அத்தெல்லாம் கேக்குறியா, நைனா?"

"நானா? லைனே கேக்குது! வண்டி ஸ்பீக்கர்ல போட்டா பத்து பேர் கீய நின்னு கேப்பானுங்க. அன்னிக்கு ஒன் கவ்வாலியால பேஜாராயிட்ச்சு தெரியுமா? முன்னால லைன் நவுந்தத்த ஒருத்தனும் பாக்கல. பின்னால கீறவன்லாம் பூந்துட்டான். மறுபடி கடைசில போயி நின்னோம்."

"அய்யோ! இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒருத்தனும் லைன வுடல. அவ்ளோ போரு!"

சங்கமித்ராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அங்கே யாரோ அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்கினார்கள்.

"ஏம்மா, நான் சுடலைராஜ். தூத்துக்குடிக்காரன். கவ்வாலின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. நீ சொன்னியே, பின்னால தூக்கிவிட ஆளுன்னு... கேட்டதும் வீட்டுக்காரிக்குப் போன் போட்டுட்டேன். சண்டை போட்டு ஒரு மாசமாப் பேசாம இருந்தோம். நல்லா இருப்பே தாயி, பழையபடியே பேசு."

"ரொம்ப தேங்ஸ்ணா" என்றாள். முகம் தெரியாதவர்கள் இத்தனை பேர் வெயிலில் நின்று தன்னைக் கேட்டிருக்கிறார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது?

எழுதிவைத்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம் மாமுங்களா. இன்னிக்கு ஒரு நாதஸ்வர ஆல்பம் கேட்டேன், செம்மயா கீது. எண்ணூர் லைன்ல கீறவங்கோ மட்டும் மொதல்ல முன்னால பாரு. வண்டி நவுந்தா எடுத்துடு. நான் எங்கியும் போவல, இங்கதான் கீறேன்."