வெற்றிலை அதிகாரி

மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் இளைஞர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஃபியூஸ் போடுவது, வங்கிப் படிவம் நிரப்புவது, தனியாகப் பேருந்தில் தி.நகர் போய்த் திரும்புவது போன்றவற்றை அங்கே கற்பிக்கிறார்கள். அனைத்திலும் தேறிய சாய்மாவுக்குத் தொலைபேசி மட்டும் வசப்படவில்லை. முகம் தெரியாதவரிடம் பேச வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தந்தை மெஹபூப் அலியின் பைண்டிங் கடைக்கு வரும் அழைப்பைக்கூடத் தம்பியிடம் நீட்டிவிடுவாள். ஆனால், அபிராமபுரத்து ஸ்கேன் மையம் ஒன்றின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே நாள் முழுவதும் தொலைபேசிதான்.

அந்த வகுப்பில் தொலைபேசிப் பயிற்சிக்குப் பொறுப்பாளர் சாய்நாத். நாற்பத்தெட்டு வயது; தனியாக வசித்தவர்; வாடிக்கையாளர் சேவை நிறுவனம் ஒன்றில் இருபதாண்டுகள் பேசிப் பேசியே சம்பாதித்தவர். வகுப்புக்கு அவர் நேரில் வந்ததில்லை. புதன்கிழமை மாலைகளில் மாணவர்கள்தாம் அவரை அழைக்க வேண்டும். மறுமுனையில் எந்த வேடத்தில் இருப்பார் என்பது பேசினால்தான் தெரியும். விதி ஒன்றே. பெயரைச் சொல்ல வேண்டும், காரியத்தைச் சொல்ல வேண்டும், வேண்டியதைக் கேட்க வேண்டும். எதிராளி என்ன செய்தாலும் அதுவரை வைக்கக் கூடாது. முடிந்ததும் நன்றி கூறி, தானே வைத்துவிட வேண்டும்.

முதல் வாரம் அவர் காது கேளாத வீட்டுக்காரர்.

"சார், நான் சாய்மா..."

"இன்னாது, சேமியாவா? வூட்ல நெறைய கீதும்மா, வாணாம்!"

அவள் பதறி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அவர் வாய் நிறைய வெற்றிலை போட்ட ரேஷன் அலுவலக அதிகாரி. ஒரு சொல்லும் விளங்கவில்லை. சாய்மா சிரித்தாள், பிறகு பயந்து வைத்தாள். உடனே சாய்நாத்தே திரும்ப அழைத்தார்.

"இன்னாம்மா நீ, வெத்தல போட்டவன் பேசினா வெச்சுடுவியா? ஆபீஸ்ல பாதிப் பேரு அப்படித்தான் பேசுவான். அடுத்த வாரமும் இவன்தான் வருவான், ரெடியா இரு."

அந்த வாரம் முழுவதும் மொட்டைமாடியில் நின்று சாய்மா பேசிப் பழகினாள். புதன்கிழமை நான்கு மணிக்கு அழைத்தபோது, வெகுநேரம் மணி ஒலித்த பின்னரே அவர் எடுத்தார். குழறலாக ஏதோ கேட்டது. வந்துவிட்டார் அதிகாரி என்று எண்ணிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

"வணக்கம் சார். என் பேரு சாய்மா. மந்தைவெளிலேர்ந்து பேசறேன். எங்க ரேஷன் கார்டுல தம்பி பேரு விட்டுப்போச்சு. சேர்க்கறதுக்கு இன்னா பேப்பர்லாம் கொண்டாரணும் சார்?"

மீண்டும் அதே குழறல். ஏதோ ஒன்று கீழே விழும் ஓசை. இன்றைக்குப் பாத்திரத்தையும் உருட்டுகிறாரே என்று வியந்தாள்.

"சார், புரியல. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

மூன்று முறை பொறுமையாகக் கேட்டாள். குரல் ஒவ்வொரு முறையும் தாழ்ந்துகொண்டே போயிற்று.

"பரவால்ல சார், நேர்லயே வந்து கேட்டுக்கறேன். ரொம்ப நன்றி."

தானே வைத்தாள். நான்கு நிமிடம் பேசியிருந்தாள். கடைக்கு ஓடிப்போய்த் தந்தையிடம், "பேசிட்டேன்ப்பா! முழுசாப் பேசிட்டேன்!" என்றாள்.

"அப்ப இனிமே கடை போனு உன் தலையிலதான்" என்று பசைக் கையோடு அவர் சிரித்தார்.

மறுநாள் நண்பகலில்தான் அண்டை வீட்டார் சாய்நாத் வீட்டுக் கதவை உடைத்தார்கள். மூளையில் இரத்தக்குழாய் அடைத்து முந்தைய நாள் மாலையிலேயே பேச்சுப் போயிருக்கும் என்றும், சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றும் மருத்துவர்கள் கூறினார்கள். சனிக்கிழமை காலை சாய்நாத் இறந்தார். அன்றைய வகுப்பில் ஒருங்கிணைப்பாளர் விஜயலக்ஷ்மி இதைச் சொன்னபோது, சாய்மா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஸ்கேன் மையத்தில் சேர வேண்டிய தேதி கடந்தது. அவள் போகவில்லை. மூன்று வாரம் கழித்து, திருச்சியிலிருந்து சாய்நாத்தின் தமக்கை ஹம்சா, தம்பியின் தொலைபேசியில் கடைசியாகப் பேசிய எண் யாருடையது என்று விஜயலக்ஷ்மியிடம் விசாரித்திருந்தார்.

"நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். நீ பேச வேண்டாம், சாய்மா."

"இல்ல மேடம். நானே பேசறேன்."

ஒரு தாளில் முதலில் பெயரையும் அடுத்துக் காரியத்தையும் எழுதினாள். மூன்றாவதாக என்ன கேட்பது என்று தெரியாமல் அந்த வரியைக் காலியாக விட்டாள்.

"ஹலோ, யாரு?"

"வணக்கம்மா. என் பேரு சாய்மா. சாய்நாத் சார்கிட்ட கடைசியாப் பேசினது நான்தான்."

எதையும் மறைக்காமல், வரிசை பிறழாமல் சொன்னாள். வெற்றிலை அதிகாரியைச் சொன்னாள். விழுந்த பாத்திரத்தைச் சொன்னாள். "நடிக்கிறாருன்னு நெனச்சுட்டேம்மா" என்றபோது மட்டும் குரல் உடைந்தது.



"அத்தனை நேரமும் லைன்லதான் இருந்தானா?" என்றார் ஹம்சா.

"ஆமாம்மா."

"அப்புறம் அவனே வெச்சுட்டானாம்மா?"

சாய்மா காலியான வரியைப் பார்த்தாள்.

"இல்லம்மா. அவர் வெக்கல. நான்தான் வெச்சேன்."

ஹம்சா அழத் தொடங்கினார். சாய்மா இம்முறை வைக்கவில்லை. அந்த அழுகை ஓயும்வரை தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.