ஒன்பது வாரத்தில் ஏழு கிலோ

தராசு ஆய்வாளர் இளைத்துக்கொண்டிருந்தார். அதாவது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இளைத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கூடத்திலிருக்கும் எடைமேடையில் ஏறி, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவார். தொண்ணூற்றெட்டில் தொடங்கியவர் ஒன்பதாவது வாரம் தொண்ணூற்றொன்றில் நின்றார். சித்தப்பா கைதட்டினார், மைத்துனி பூங்கொத்து அனுப்பினாள். மனுஷர் ஒரு பாராட்டையும் மிச்சம் வைக்கவில்லை.

அழகுக்காக இளைக்கிறவர் இல்லை. அவருடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தம்பியுடையது பொருந்தும் என்ற மருத்துவர், பத்து கிலோ குறைத்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கெடு. அக்காவுக்கு இல்லாத கிட்னி எனக்கு எதற்கு என்று ஆய்வாளர் ஆஸ்பத்திரி வராந்தா அதிர முழங்கினார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரும்தான்.

எங்கே வெட்டுவார்கள், எவ்வளவு நீளம் வெட்டுவார்கள் என்று மறுநாள் செல்போனில் தேடிப் பார்த்ததோடு மனுஷர் அரண்டுபோனார். இளைத்தால் மேசைமேல் படுக்க வேண்டும். இளைக்காவிட்டால் சொந்தக்காரர்கள் காறித் துப்புவார்கள். நல்லவேளை, தொழில் கைகொடுத்தது.

ஐம்பது கிராம் குறைத்த கடைக்காரனை நடுத்தெருவில் நிறுத்தி நாறடிக்கிறவர் அவர். சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு, சோதனை எடைக்கற்களை அடுக்கி, தன் வீட்டு மேடையின் அளவை ஒரு கிலோ, ஒரு கிலோவாக இறக்கினார். ஒரேயடியாக இறக்க அவர் என்ன கத்துக்குட்டியா? ஒரு வாரம் இருநூறு கிராம் ஏற்றிக்கூட வைத்தார், நம்பும்படி இருக்க வேண்டுமே! வேலை முடிந்த களைப்புக்கு பேக்கரியில் இரண்டு கிரீம் கேக். கெடு முடிந்து ஆஸ்பத்திரி மெஷின் வேறு எண் காட்டினால், ஆஸ்பத்திரி மெஷின்தான் தப்பு; ஆபரேஷனும் நடக்காது, பழியும் வராது. எடை விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? மனைவியோ அந்த மேடை இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

அந்த ஒன்பதாவது வாரம் அக்கா டயாலிசிஸ் முடிந்த கையோடு நேரே தம்பி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிய வேகத்தில் மேடையில் ஏறிவிட்டாள். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுகிறவளுக்கு எடை பார்ப்பது மூச்சுவிடுகிற மாதிரி. மேடையைக் கண்டால் கால் தானாக ஏறும். ஊரையே ஏய்க்கத் தெரிந்தவருக்கு இது மட்டும் தோன்றவில்லை பாருங்கள்.

நாற்பத்தேழரை என்றது மேடை.

"அரை மணி முன்னாடி ஆஸ்பத்திரியில அம்பத்தொண்ணு அறுநூறு" என்றாள் அக்கா, இறங்காமலே. "எனக்கே நாலு கிலோ முழுங்குதுன்னா உனக்கு எட்டு முழுங்கும். நீ தொண்ணூத்தொம்போது இருக்க."

ஆய்வாளர் திருதிருவென்று விழித்தார். கடைக்காரர்கள் தன்னிடம் சொல்லும் சாக்குகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்: பேட்டரி இறங்கிவிட்டது, தரை சமமாக இல்லை, நேற்றுவரை சரியாகத்தான் இருந்தது.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா உன்ன அடிக்கவா போறேன்? நீ குடுப்பேன்னுதான் பொதுப் பட்டியல்ல பேரு குடுக்காம இருந்தேன். ஒம்போது வாரம் போச்சுடா."

அப்போதுதான் ஆய்வாளர் முதன்முதலாக ஓர் உண்மையைச் சொன்னார். பயமாக இருக்கிறது என்று விம்மி விம்மி அழுதார். அக்காவுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் சேர, ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: கொடுக்க முன்வரும் இரத்த உறவு உண்டா?

அக்கா பேனாவை நிறுத்தி, தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருந்தாள். ஆய்வாளர் வண்டிச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் பயம்தான் ஜெயித்தது.

அக்கா 'இல்லை' என்று எழுதினாள். கீழே 'மேற்கண்டவை உண்மை' என்று குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை அவரிடமே நீட்டினாள்.

அவர் போட்டார்.