சில்லுகளுக்கு நடுவில்

தைப்பூசத்துக்கு முதல் நாள் தேர் கடந்து போன பிறகு ரூபினி சாலை ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். தேருக்கு முன்னால் மூட்டை மூட்டையாக உடைத்த தேங்காய்கள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. சில்லுகளின் முதுகு பழுப்பு, உட்புறம் பளீர் வெள்ளை. அவற்றுக்கு அடியில் தேங்காய்த் தண்ணீரில் ஊறிக் கறுத்த தார். துப்புரவுத் தொழிலாளர்கள் மண்வெட்டியால் வாரி லாரியில் கொட்டிக்கொண்டே இவள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

அவளுடைய அம்மா மோகனா திரும்பி வந்து அதட்டினாள். "என்னாடி இது? எல்லாரும் தேர் பின்னாடி போறாங்க, நீ குப்பைய போட்டோ பிடிக்கிற."

"இரும்மா. அள்ளிடுவாங்க."

அள்ளிவிட்டார்கள். ஆனால் அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

ரூபினி துணிகளுக்குப் பூவேலை வரைகிறவள். டிசைன் படித்துவிட்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு, சொந்தமாக ஒரு துணி வரிசை கொண்டு வரப் போகிறேன் என்று வேலையை விட்டாள். ஜோர்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி அறையை அவளும் கல்லூரித் தோழன் டேரிலும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டேரில் உணவகங்களுக்கு மெனு, கடைகளுக்கு சின்னம், திருமண அழைப்பிதழ் என்று எது வந்தாலும் செய்வான். செய்து முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பான். ரூபினிக்கு அப்படி வராது. ஃபெரிப் படகின் துருப்பிடித்த பக்கவாட்டை வைத்து ஒன்று தொடங்கினாள். ஜெலுத்தோங் பாசாரில் மீன்கடைக்காரர்கள் கட்டும் கித்தான்களை வைத்து ஒன்று தொடங்கினாள். இரண்டும் பாதியில் சுவரில் தொங்கின. ஏதோ ஒன்று சரியில்லை என்று அவளுக்குத் தோன்றும், என்னவென்று தெரியாது, தெரியாததால் விட்டுவிடுவாள்.

தேங்காய் அப்படியில்லை. விடுமுறை முடிந்து அறைக்கு வந்ததும் டேரிலிடம் மூச்சு விடாமல் சொன்னாள்.

"நீ சில்லத்தான் பாப்ப. எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. சில்லு முக்கியமில்ல டேரில். நடுவுல இருக்குற கறுப்பு இருக்கு பாரு, அதான் டிசைன். அது ஒன்னோட ஒன்னு ஓடிக்கிட்டே இருக்கு. எங்கயும் அறுந்து போகல."

டேரில் அவள் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். விரலால் மூலைக்கு மூலை நகர்த்தினான்.

"நல்லா இருக்கு லா, ரூபி," என்றான் கடைசியில். அவன் எதையும் எளிதில் புகழாதவன்.

வரைவதில்தான் சிக்கல் வந்தது. துணியில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆனால் உடைந்து சிதறியது போலவும் தெரிய வேண்டும். ஒழுங்காக அடுக்கினால் மீன் செதில் போல ஆனது. கலைத்துப் போட்டால் வெறும் குப்பை. நடுவில் ஓடிய கறுப்பு, வடிவம் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் முட்டி நின்றது. அவள் காகிதத்தில் சில்லுகளை வெட்டி மேசையில் பரப்பி நகர்த்திப் பார்த்தாள். பாசாரில் தேங்காய் வாங்கி வந்து குளியலறைத் தரையில் உடைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் எங்கே முட்டுகிறது, ஏன் முட்டுகிறது என்று டேரிலிடம் சொல்வாள். அவன் மெனுவில் நாசி லெமாவின் விலையைத் திருத்திக்கொண்டே கேட்பான். சில நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்பான்.

சித்திரை கழிந்த சமயம் ஒரு மதியம் அவன் கேட்டான். "ஒரு ஹோட்டல் திறக்கப் போறாங்க. முகப்பு மண்டபத்துல பெரிய சுவரு ஒன்னு. டிசைன் தேடுறாங்க. உன் தேங்காய கொடுக்கலாமா?"

"இன்னும் சரியா வரல டேரில்."

"எப்பத்தான் வரும்?"

"வரும்போது சொல்றேன்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு கீழே டீ குடிக்கப் போனான். அந்தப் பேச்சை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள்.

ஹோட்டல் திறப்பு விழாவுக்கு டேரில்தான் அவளை அழைத்தான். "வா, சாப்பாடு நல்லா இருக்கும்," என்றான். உள்ளே நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

தரையிலிருந்து கூரை வரை டைல் கற்கள் பதித்த சுவர். கறுப்பின் மேல் வெள்ளை வளைவுகள். உடைந்தவை போலவும் இருந்தன, ஒழுங்கானவை போலவும் இருந்தன. கறுப்பு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை எங்கேயும் முட்டாமல் ஓடியது. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தாள். எல்லாமே ஒரே கல். அந்த ஒரே சதுரக் கல்லை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பதித்திருந்தான். எப்படித் திருப்பினாலும் கறுப்பு அடுத்த கல்லின் கறுப்போடு போய்ச் சேரும்படி விளிம்புகளை அமைத்திருந்தான். மாதக்கணக்கில் அவள் மோதிக்கொண்டிருந்த கதவு அது. அவன் அதைத் திறந்துவிட்டிருந்தான்.

அழகாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அசிங்கமாக வந்திருந்தால் அங்கேயே சிரித்திருப்பாள்.

சுவருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. வடிவமைப்பின் பெயர் 'அலையும் பிறையும்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கீழே டேரிலின் பெயர்.

மறுநாள் அறையில் அவள் உட்காராமலே கேட்டாள். "அது என்னோடது."

"நான் உன்ன கேட்டேன்."

"நான் வேணாம்னு சொன்னேன்."

"வேணாம்னு சொல்லல. சரியா வரலன்னு சொன்ன. நீ எப்பவும் அப்படித்தான சொல்ற?" அவன் குரல் உயரவில்லை. "ரூபி, அந்த விளிம்பு சேர்றதுக்கு நான் எத்தன கல்லு உடைச்சிருக்கேன் தெரியுமா? அந்த வேலைய நீ செய்யல. நான் செஞ்சேன்."

"எங்கேருந்து செஞ்ச? நான் தினமும் உன்கிட்ட வாய் வலிக்கப் பேசினேனே, அதுலேருந்துதான?"

"பேசின. பேசிக்கிட்டேதான் இருந்த."

அவளுக்கு முகம் எரிந்தது. "அப்ப தேங்காய் எங்க? பிறை, அலைன்னு போட்டிருக்க."

"கோயில் சமாச்சாரம் மாதிரி இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எல்லா நாட்டுக்காரங்களும் வந்து தங்குற இடம். நான் என்னா செய்ய?"

"திறப்பு விழா வரைக்கும் ஒரு வார்த்த சொல்லலையே டேரில். ஏன் சொல்லல?"

அவன் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த அறைக்கு அவள் பிறகு போகவில்லை.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், சாப்பாட்டு மேசையை அம்மாவிடம் கேட்டு வாங்கி, வேலையைத் தொடர்ந்தாள். இந்த முறை நிறுத்தவில்லை. கோபம் அவளை எழுப்பி உட்கார வைத்தது. பிறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வெள்ளை வளைவுக்கும் பழுப்பு முதுகு வைத்தாள், நார் பிசிறுகள் வைத்தாள். ஒரே துண்டைத் திருப்பும் வழியை அவள் தொடவில்லை. பெரிய துண்டாக வரைந்து, முட்டும் இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்துவிட்டாள். டேரிலின் சுவர் போல அது சுத்தமாக இல்லை. தார்ச்சாலை மாதிரி இருந்தது. சரியாக வந்துவிட்டது என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது.

பக்கத்துப் பட்டறையில் டி-சட்டைகளுக்கு அச்சடிக்கும் அலாவுதீன் துணியில் அடித்துக் கொடுத்தார். முதல் கஜம் காய்ந்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது பூசத்து ரோடுதான?" என்றார். ரூபினி வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அழுதாள். துக்கத்தால் இல்லை.

மோகனா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து அதைப் பைகளாகவும் மேல்துண்டுகளாகவும் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கைவினைச் சந்தையில் ஒரு மேசை கிடைத்தது. ரூபினி காலையிலேயே போய் விரித்தாள்.

முதலில் வந்தவர்கள் ஓர் இளம் சீனத் தம்பதியர். அந்தப் பெண் பையைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தாள். "இது அந்த ஹோட்டல் சுவர்தானே? அங்கேதான் நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம்," என்றாள் ஆங்கிலத்தில். ரூபினி இல்லை என்றாள். இது தேங்காய், தைப்பூசம் என்று விளக்கத் தொடங்கினாள். அந்தப் பெண் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க அதுவேதான் நடந்தது. ஹோட்டல் சுவரைப் பார்த்து வரைந்ததா என்று சிலர் கேட்டார்கள். கேட்காமலே படம் எடுத்துக்கொண்டு போனார்கள் சிலர். ஒரு தமிழ்ப் பையன் தன் நண்பனிடம், அவள் காதில் விழும்படியே, "அந்த டேரிலோடத காப்பி அடிச்சிருக்காங்க டா," என்றான்.

அடுத்த ஞாயிறு அந்த ஹோட்டலின் நிர்வாகி, காமாரியா என்பவர், நேரில் வந்தார். நல்ல பெண்மணி. மேசைக்குப் பின்னால் வந்து ரூபினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் மலாயில் பேசினார். அந்த வடிவமைப்பின் உரிமையை டேரிலிடமிருந்து ஹோட்டல் வாங்கியிருக்கிறது. அதே வடிவில் பையும் துணியும் ஹோட்டல் கடையில் விற்கப் போகிறார்கள். அதனால் ரூபினி இதைத் தயவுசெய்து விற்க வேண்டாம்.

ரூபினி எல்லாவற்றையும் சொன்னாள். சாலையை, தேரை, அந்த மாடி அறையை. காமாரியா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். சாலைப் படங்களைக்கூட வாங்கிப் பார்த்தார்.

"நான் உங்களை நம்புகிறேன்," என்றார். "ஆனால் நான் நம்புவதால் எதுவும் மாறாது. இது உங்கள் இருவருடையது என்று டேரில் ஒரு வார்த்தை சொல்லட்டும். மேலிடத்தில் நான் பேசுகிறேன்."

ரூபினி அன்றைக்கே டேரிலைக் கூப்பிட்டாள். கெஞ்சக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கூப்பிட்டாள்.

"நான் முழுக்க என்னோடதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன் ரூபி," என்றான். "இப்ப மாத்திச் சொன்னா, அன்னைக்கு ஏன்யா பொய் சொன்னன்னு கேப்பாங்க. அடுத்த வேல யாரு குடுப்பா?"

"பொய்தான சொன்ன?"

"நீ நல்லா வரையிற," என்றான். "வேற ஒன்னு செய். உனக்கா ஐடியா கிடைக்காது?"

அவள் துணிகளை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டாள். மோகனா ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சமையலறை சன்னலுக்குத் திரையாகப் போட்டாள். ரூபினி அதைக் கழற்றிவிட்டாள்.

கெப்பாலா பத்தாஸில் ஒரு ரொட்டி, பிஸ்கட் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி வடிவமைக்கும் வேலை கிடைத்தது. தினமும் தொழிற்சாலை வண்டியில் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போய் வந்தாள். பெட்டியில் கீழே கோதுமைக் கதிர், மேலே சிரிக்கும் குழந்தை, நடுவில் பெயர். சிவப்பு போதவில்லை என்றால் சிவப்பைக் கூட்டிக் கொடுப்பாள். எந்த வேலையும் பாதியில் நிற்கவில்லை. மேலாளருக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. இவ்வளவு வேகமாக முடிப்பவரைப் பார்த்ததில்லை என்றார்.

ஓராண்டுக்கு மேல் கழிந்து, ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் டேரில் அழைத்தான். தயங்கித் தயங்கி நலம் விசாரித்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். லங்காவியில் அதே ஹோட்டல்காரர்கள் இன்னொன்று கட்டுகிறார்கள். அந்தச் சுவர் மாதிரி ஒன்று வேண்டும் என்கிறார்கள். அவன் கொடுத்த எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

"இந்தத் தடவ ரெண்டு பேர் பேரும் போட்டுடலாம். முதல்லயே எழுதி வாங்கிடலாம். சத்தியமா," என்றான். "உன்கிட்ட எதாச்சும் இருக்கா ரூபி? சும்மா சொல்லேன். நீ சொன்னா போதும், நான் முடிச்சிடுவேன்."

அவளிடம் இருந்தது. அந்த வாரம்தான், வண்டி சன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். கெப்பாலா பத்தாஸ் வயல்களில் குருவிகளை விரட்டக் கட்டியிருந்த பளபளப்பு நாடாக்கள் காற்றில் முறுக்கிக்கொண்டன. வெயில் பட்டு ஒரு முறுக்கு வெள்ளியாகவும் அடுத்த முறுக்கு பச்சையாகவும் மாறி மாறி ஓடியது. நாடா முறுக்கிக்கொள்கிற அந்த ஒரு புள்ளியில் இரண்டு நிறமும் இல்லை. அங்கேதான் எல்லாம் இருந்தது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஒன்னும் இல்ல டேரில்," என்றாள். "இப்பல்லாம் எனக்கு ஒன்னும் தோணுறதில்ல."

அவன் நம்பினான். வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்தான்.

ரூபினி கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் போக வேண்டிய கிரீம் பிஸ்கட் பெட்டியை முடித்துக் கொடுத்தாள். நாடாவை அவள் வரையவில்லை. அதைப் பற்றி யாரிடமும் சொல்லவுமில்லை.