தாவியவர் விட்ட இடம்

இதில் ஒரு சொல்கூடக் கட்டுக்கதை இல்லை என்று முதலிலேயே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாகிவிட்டது.

வேதியியல் ஆசிரியர்கள் அறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் பீக்கர் சார், நேர் எதிரே அவர் மனைவி. இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே பாடம். மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மாற்றலாகிப் போனதும் அந்த நாற்காலி காலியானது. அன்றிலிருந்து சாருக்கு வயிற்றெரிச்சல். காரணம், புதிதாக வந்த சுருட்டைமுடி விரிவுரையாளர்.

"புது சார் ஃபீனைல் குரூப்ப எவ்வளவு அழகா நடத்துறாரு தெரியுமா? பசங்க கைதட்டுறாங்க!" என்றாள் மனைவி.

"ஃபீனைலா, பினாயிலா? தரை பளிச்சுன்னு ஆச்சா?"

ஆனால் சாரின் மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எலக்ட்ரான் குறைந்து பாசிட்டிவாகத் தவிக்கும் கார்பன், அந்தக் காலி நாற்காலி. பாடப்படி அந்தக் குறையை நிரப்பப் பக்கத்து அணுவிலிருந்து ஒரு குரூப் தாவியாக வேண்டும். யார் தாவுவார்? ஆய்வக உதவியாளர் வெறும் மெத்தில், அசைய மாட்டார். சுருட்டைமுடியோ சாட்சாத் ஃபீனைல். எலக்ட்ரான் செழிப்பு, வந்த குறையைத் தன் வளையம் முழுக்கப் பரப்பிச் சிரித்தபடியே சுமக்கும் ஜாதி. தாவப்போவது அவன்தான்!

சுருட்டைமுடி கதவைத் தள்ளி உள்ளே வந்தான். அவ்வளவுதான், சார் மேசைக்கு மேலாகத் தாவி மனைவி பக்கத்துக் காலி நாற்காலியில் விழுந்தார். தாவிய வேகத்தில் மின்விசிறி இரண்டு சுற்று பின்னால் போனது. கண்ணாடி மூக்குக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாயிற்று.

"என்னங்க இது, உங்க எடத்த விட்டுட்டு?" என்றாள் மனைவி.

"சும்மாதான். காத்து வருது."

சுருட்டைமுடி பணிவாகத் தலையைச் சொறிந்தான். "சார், ஒரு சந்தேகம். குரூப் தாவினப்புறம் பாசிட்டிவ் சார்ஜ் எங்க நிக்கும்?"

"இதுகூடத் தெரியாதா? அது கெளம்பின எடத்துலதான்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்குள் அவன் சாரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மனைவிக்கு நேர் எதிரே. ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த சாருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய ஒற்றைக் காதும், ஆடும் கம்மலும்தான். முழுச் சிரிப்பும் மேசையைக் கடந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஏற்றிய கற்பூரம் அணைவதற்குள் இதையும் சொல்லிவிட வேண்டும்: பீக்கர் சாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.