லூர்து போட்ட கட்டு

லூர்து கட்டினா அவுறாது. ஹார்பர்ல இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கப்பல்ல கன்டெய்னரை அடுக்கினதும் இரும்புக் கம்பி மாட்டி முறுக்கிக் கட்டுற வேலை அவனுக்கு, பதினாறு வருஷமா. "லூசா வுட்டா கடலு எட்த்துக்கும்டா"ன்னு புதுசா வர்றவனுங்களை மிரட்டுவான். அந்தக் கை போட்ட ஒரு கட்டைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். சொல்ல வாய் வரமாட்டேங்குது.

ஒரே பொண்ணு அவனுக்கு, ஜெரினா. ஒன்பது வயசு. அஞ்சு வயசுலயே சர்க்கரை வந்துடுச்சு அந்தப் பிஞ்சுக்கு. மிட்டாய் கொடுத்தே கெடுத்துட்டான்னு ராயபுரமே அவ அம்மா ரோசி மேல பழி போட்டுச்சு. நரம்பில்லாத நாக்கு, என்ன வேணா பேசும். தினம் நாலு ஊசின்னு நாலு வருஷம் ஓடிச்சு. அப்புறம் 2007-ல ஒரு டிரஸ்ட்காரங்க பம்ப் கொடுத்தாங்க. இடுப்புல மாட்டிக்கிற சின்னப் பெட்டி. அதுலேர்ந்து ஒரு டியூப், அதோட முனையில வயித்துத் தோலுக்குள்ள போற மெல்லிசு குழாய். இன்சுலின் சொட்டுச் சொட்டா இறங்கிக்கிட்டே இருக்கும். ரோசி அன்னிக்கு மாதா முன்னாடி முழங்கால் போட்டு அழுதா.

"இது நின்னுட்டா உடம்புல இன்சுலினே இருக்காது, அடிக்கடி ரத்தம் பாருங்க"ன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. இவங்க தலையாட்டினாங்க. ஆனா புள்ளை சர்க்கரை இறங்கி மயங்கினதைத்தான் ரெண்டு தடவை கண்ணால பார்த்திருந்தாங்க. அதனால மயக்கம்னா குளுக்கோஸ், அதுதான் மனசுல பதிஞ்சிருந்தது.

மே மாசம் ஜெரினாவுக்குப் புதுநன்மை. முதல் தடவை நற்கருணை வாங்கப் போற நாள்; வெள்ளை கவுன், வெள்ளை கிளவுஸ், இடுப்புல சாட்டின் ரிப்பன். வெள்ளிக்கிழமை கோயில்ல ஒத்திகை. புள்ளை முழங்கால் போடும்போது டியூப் இழுபட்டு மடங்கிக்கிச்சு, பம்ப் கீ கீன்னு கத்திச்சு. அத்தனை பசங்களும் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க.

"நான் வர்லப்பா. அல்லாரும் சிரிக்கிறாங்க."

"அட, உங்கப்பன் இன்னா வேலை செய்றான்? நான் கட்டுறேன் பாரு."

சனிக்கிழமை சாயங்காலம் ரோசி புதுக் குழாய் குத்தி முடிச்சதும், லூர்து அகலமான டேப்பை எடுத்தான். டியூபைச் சுருட்டி வயித்தோட வெச்சு, இடுப்பைச் சுத்தி மூணு சுத்து.

"இறுக்குதுப்பா."

"இறுக்குனாதான் கண்ணு நிக்கும். கோயில்ல சத்தம் கித்தம் வந்தா இந்தப் பட்டனை அமுக்கிடு, இன்னா?"

ஞாயித்துக்கிழமை காலையில புள்ளை சொம்பு சொம்பா தண்ணி குடிச்சா. விரல்ல குத்தி ரத்தம் பார்க்க ரோசி மிஷினை எடுத்தா. அப்புறம், கிளவுஸ்ல ரத்தக்கறை பட்டுடுமே, வந்து பார்த்துக்கலாம்னு வெச்சுட்டா. கிளம்பும்போது ஒரு வாந்தி. நற்கருணை வாங்குறவரைக்கும் சாப்பிடக் கூடாது, வெறும் வயிறு, பித்தம்னு எல்லாரும் சொன்னாங்க. யாரைக் குத்தம் சொல்ல?

கோயில்ல கைகூப்பி நின்ன புள்ளையைப் பார்த்து லூர்துக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. டியூப் அசையல. ஒரு சின்ன சத்தம் இல்ல. கெத்தா நிமிர்ந்து உட்கார்ந்தான், மடையன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெரினா சுருண்டுட்டா. பசியில சர்க்கரை இறங்கிடுச்சுன்னு ரோசி பதறிப்போய் குளுக்கோஸைக் கரைச்சு ரெண்டு டம்ளர் புகட்டினா. ஐயோ, ஏற்கெனவே எகிறிக் கிடந்த சர்க்கரைக்கு மேல! எல்லாத்தையும் கக்கினா புள்ளை. மூச்சு ஓடிவந்தவ மாதிரி இரைச்சுது. பக்கத்துல அடுப்புல பிரியாணி வெந்துகிட்டிருந்தது.

ஆட்டோவுல அப்பன் மடியில தலை வெச்சிருந்தவ கண்ணைத் திறந்தா.

"அப்பா, கோயில்ல அது மூணு வாட்டி அட்ச்சுது. உடனே உடனே அமுக்கிட்டேன். யாருக்குமே கேக்கலல்ல?"

"கேக்கல கண்ணு. நீ சமத்து."

அவ சொன்னது அவனுக்கு அப்போ புரியல. ஆஸ்பத்திரியில நர்ஸ் கத்திரியால டேப்பை வெட்டினப்பதான் புரிஞ்சது. உள்ள டியூப் ரெண்டா மடங்கி நசுங்கிக் கிடந்தது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு சொட்டு இறங்கல. சொட்டுச் சொட்டா இறங்குறதால அடைப்பு தெரியவே ராத்திரி பூரா ஆயிருக்கு; விடிஞ்சப்புறம் அடைப்பு, அடைப்புன்னு பம்ப் கத்தியிருக்கு. புள்ளை அப்பன் சொன்னதைக் கேட்டு அமுக்கி அமுக்கி அடக்கியிருக்கா.

"யாரு இப்படிக் கட்டினது?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. லூர்து தன் ரெண்டு கையையும் பார்த்தான். ரோசி அவனைக் காட்டிக் கொடுக்கல.

திங்கக்கிழமை சாயங்காலம் ஜெரினா போயிட்டா.

புதுநன்மை கவுனையே போட்டாங்க. கிளவுஸும் போட்டாங்க, கறை இல்லாம பளிச்சுன்னு இருந்தது. லூர்து சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். அவன் தங்கச்சி ஜூடி ரிப்பனை எடுத்துப் புள்ளை இடுப்பைச் சுத்திக் கொண்டுவந்து முடிச்சுப் போடப் போனா.

"ஜூடி!" லூர்து தவழ்ந்து வந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டான். "கட்டாதம்மா. லூசா வுடு. கொயந்தைக்கு இறுக்கும்."