லோடு ஏத்தக்கூடாது

நெய்வேலி டவுன்ஷிப்பில் கிளமென்டின் குவார்ட்டர்ஸுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வரவுகள். ஒன்று புது டீசல் கார். இன்னொன்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அவன் மனைவி ஆனி. இரண்டுக்கும் அவன் ஒரே சட்டம் போட்டான்: லோடு ஏத்தக்கூடாது.

பாவம், கெட்ட எண்ணம் கிடையாது. மைன்ஸில் மண் தள்ளுகிற டோசர் ஓட்டுகிற பர்மனென்ட் ஆள் அவன். அங்கே எஞ்சினைக் கிளப்பினால் நிதானமாகச் சூடேறவிட வேண்டும்; ஷிப்டு மாறும்போதுகூட அணைக்காமலே அடுத்த ஆள் ஏறி உட்காருவான். அந்தப் பழக்கத்தில் தினமும் காலையில் காரை ஸ்டார்ட் செய்து வாசலில் ஓடவிட்டுவிட்டு, உள்ளே வந்து காப்பி குடிப்பான், பேப்பர் படிப்பான், சவரமும் செய்துகொள்வான். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி, டீசல் நாற்றத்துக்குப் பயந்து, காயப்போட்ட துணியை முணுமுணுத்துக்கொண்டே அள்ளிப் போவாள்.

அப்புறம் வண்டி பிளாக்கைச் சுற்றி ஒரு ரவுண்டு போகும். போகும் என்பதைவிட ஊரும் என்பதே சரி. பால்காரர் சைக்கிளில் மணியடித்து முந்திக்கொண்டு போவார். "புது எஞ்சின் பழகணும். ரன்னிங்-இன் முடியற வரைக்கும் இப்பிடித்தான்" என்பான் கிளமென்ட். அதிலே ஒரு பெருமை வேறு.

ஆனிக்கும் அதே ரவுண்டுதான். கட்டிலிலிருந்து ஹால், ஹாலிலிருந்து கட்டில். குடம் தூக்கக்கூடாது, துணி பிழியக்கூடாது, சர்ச்சுக்கு நடக்கக்கூடாது. "காயம் நல்லா ஆறிடுச்சு, நடங்க, இனிமே வேலைக்கும் போலாம்" என்று டாக்டரம்மா அவன் எதிரிலேயே சொல்லிவிட்டார். அது அவன் காதில் ஏறவே இல்லை.

வேலைதான் இப்போது கழுத்துக்கு வந்து நின்றது. ஆனி வடலூரில் ஒரு நர்சரி பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். அந்தப் பிள்ளைகளின் சளியும் சண்டையும் இல்லாமல் அவளுக்குப் பொழுதே போகாது. சனிக்கிழமை காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்தார். திங்கட்கிழமை வந்தால் சரி, இல்லாவிட்டால் வகுப்பை வேறொருத்திக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்களாம்.

"திங்கக்கெழம போறேங்க" என்றாள் ஆனி.

"இன்னும் ரன்னிங்-இன் முடியல ஆனி. லோடு ஏத்தக்கூடாது."

"நான் என்ன டோசரா?"

"இன்னும் கொஞ்ச நாள் லீவு கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் இங்க வந்து நிக்குது. எடம் போயிடும்ங்க."

"போனா போவுது. நீ இருந்தா போதும்."

ஆனிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இப்படிச் சொல்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமால் என்று அடுக்கினாள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் காரின் டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கிளமென்ட் பானட்டைத் திறந்து, ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். ஆயில் குறையவில்லை. மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. மைன்ஸில் ஆயில் ஏறினால் முதலில் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

"பூ மாதிரி வெச்சிருந்தேனே ஆனி" என்றான். பானட்டைக்கூட மூடாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இப்பிடி ஒக்காந்துகினு இருந்தா ஆச்சா? வாங்க, நானும் வரேன்." இந்த நிலையில் அவனைத் தனியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தடுக்கிற நிலையில் அவனும் இல்லை.

வடலூர் ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர் புவனா குச்சியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"தண்ணி இல்ல சார், டீசல். காலையில எவ்ளோ நேரம் சும்மா ஓடவிடுவீங்க?"

"நல்லா சூடாவற வரைக்கும்மா." பிளாக்கைச் சுற்றுகிற கதையையும் சொன்னான். சபாஷ் என்பாள் என்று எதிர்பார்த்திருப்பான் போல.

புவனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நின்ன எடத்துல ஓடினா இந்த எஞ்சின் சரியா சூடே ஆவாது சார். பொகையில வர்ற கரியைப் புடிக்க உள்ள ஒரு ஃபில்டர் இருக்குது. அந்தக் கரியை எரிக்கிறதுக்கு வண்டியே கொஞ்சம் டீசலை அதிகமா அடிக்கும். நீங்க ரோட்டுல ஓட்டாம பாதியிலயே அணைச்சிடறீங்க. அந்த டீசல்தான் ஆயில்ல எறங்கிக்கினே இருக்குது."

"புது வண்டியாச்சேம்மா. ரன்னிங்-இன்னுன்னு..."

"ரன்னிங்-இன்னா ஓட்டணும் சார். மிதிச்சு வெரட்டக்கூடாது, அவ்ளோதான். அளவா லோடு ஏத்தினாத்தான் உள்ள இருக்கிறது ஒண்ணோட ஒண்ணு படியும். இப்பிடிப் பொத்திப் பொத்தி வெச்சா நல்ல வண்டியும் வீணாத்தான் போவும்."

ஆனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளமென்டை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவன் தரையைப் பார்த்தான்.

ஆயிலை இறக்கினார்கள். டீசல் கலந்து, நீராகாரம் மாதிரி நீர்த்துப்போய் ஓடியது. புது ஆயில் ஊற்றி, சாவியைக் கையில் கொடுத்து, "எங்கயும் நிறுத்தாம நெடுஞ்சாலையில ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வாங்க. வெளக்கு தானா அணையும்" என்றாள் புவனா.

சேத்தியாத்தோப்புப் பக்கம் வண்டியைத் திருப்பினான். பிளாக்கைச் சுற்றுகிற அதே வேகம்தான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தே அலுத்துப்போய் முந்திக்கொண்டு போயிற்று.

"மிதிங்க" என்றாள் ஆனி.

"உனக்கு வயிறு குலுங்குமே."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. மிதிங்க."

மிதித்தான். எதிர்க்காற்று ஜன்னலில் இரைந்தது. ஆனி கண்ணாடியை இறக்கி, முந்தானை பறக்கப் பறக்க உட்கார்ந்திருந்தாள். வயல்கள் போயின, ஒரு பாலம் போயிற்று. டாஷ்போர்டைப் பார்த்தால் மஞ்சள் விளக்கைக் காணோம்.

"ஆபரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தினாங்க பாரு, அப்ப பயந்துட்டேன் ஆனி" என்றான் கிளமென்ட், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "அந்தப் பயம் இன்னும் போவல."

அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அவன் வாயால் இப்போதுதான் கேட்கிறாள். கியரின் மேலிருந்த அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.

"பயந்துக்கினே ஓட்டுங்க. நிறுத்தாதீங்க."

திங்கட்கிழமை காலையில் ஆனி சேலை கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். கிளமென்ட் சாவியோடு தயாராக நின்றான்.

"வா, வடலூர்ல வுட்டுட்டு வந்துடறேன்."

"வேணாம்ங்க. வடலூர் கிட்டக்க. வண்டி நல்லா சூடாவறதுக்குள்ள எடம் வந்துடும். அந்தப் பொண்ணு சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சா? நான் பஸ்லயே போறேன்."

அவன் சாவியை ஆணியில் மாட்டினான். ஆனி குனிந்து பையை எடுக்கப் போனாள். படச் சார்ட்டுகள், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் என்று பை புடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவன் பாய்ந்து எடுத்துவிட்டான். நல்ல கனம். 'லோ' என்பதுவரைக்கும் வார்த்தை வந்துவிட்டது.

ஆனி நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் அதை விழுங்கிக்கொண்டான். பையைத் தூக்கி, முறுக்கியிருந்த பட்டையைச் சரிசெய்து, அவள் தோளில் அவனே மாட்டிவிட்டான்.