மூன்று நாள் தூரம்

நைரோபியில் போர்வெல் வண்டி சூப்பர்வைசராக இருக்கும் தமிழரசு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னான். ராசிபுரம் பக்கம் ஊரில் மாரியம்மன் பண்டிகை. வரச் சொல்லிப் போன் செய்தார் அப்பா சின்னண்ணன். இவனுக்கு அலுப்பு.

"வந்து சேரவே மூணு நாளு ஆவுதுங்கப்பா" என்று அளந்துவிட்டான்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? ஆனால் முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷருக்குத் தூரமென்றால் செக்போஸ்ட்டும் பஞ்சரும்தான். "கவுகாத்திக்கே நமக்கு ஏழு நாளு. கடல் தாண்டி வாரவனுக்கு மூணு நாளு கம்மிதான்" என்று மனைவி ராமாயியிடம் கணக்குச் சொன்னார். அப்புறம் பிள்ளையை ஒரு நாளும் ஊருக்குக் கூப்பிடவில்லை. தமிழரசுக்கும் அது சௌகரியமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"அப்பா காத்தால போயிட்டாருடா சாமி. மத்தியானமே எடுத்துப்போட்டோம். பையன் வார வரைக்கும் ஐஸ் பெட்டில போட்டு வெக்காதீங்க, மூணு நாளு அவனும் தவிப்பான், நானும் கெடக்கோணும்னு முன்னாலயே சொல்லிப்போட்டாரு. பங்காளி ஊட்டு தங்கமுத்து கொள்ளி வெச்சான்."

அன்றைக்கே ப்ளேன் ஏறினான். நைரோபியிலிருந்து மும்பைக்கு நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். ஆறே மணி நேரம். அங்கே மாறி, கோயம்புத்தூரில் இறங்கி, கார் பிடித்தான். வழியெல்லாம் அந்த ஆறு மணி நேரம்தான் நெஞ்சை அறுத்தது. காலையிலேயே சொல்லியிருந்தால், ஒரு நாள் வைத்திருந்தால், முகத்தையாவது பார்த்திருப்பான். பெற்றவருக்குக் கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்காத பாவி!

புதன்கிழமை மத்தியானம் வாசலில் போய் நின்றான். பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ராமாயி ஏறிட்டுப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது.

"ஏஞ்சாமி, அதுக்குள்ளயா வந்துட்ட? மூணு நாளுன்னியே?"

பந்தலில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். தமிழரசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"எப்பவுமே ஒரு நாளுதானுங்கம்மா. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"இப்பத்தான் புதுசா ப்ளேனு உட்டிருக்கானாமுங்க. பாவம், முன்னாலயே உட்டிருந்தா எம்புள்ள வந்திருப்பான்."

"அடடா, ஒரு நாளு முந்தி உட்டிருக்கக் கூடாதா?" என்றார் தங்கமுத்து.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அந்தப் புது ப்ளேனைச் சொன்னாள். பக்கத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான் தமிழரசு.